ஆஸம்: அச்சத்தில் பிறந்த ஒரு பாராட்டுச் சொல்



இம்முறை ஒரேயொரு சொல்லைப் பற்றி எழுத விழைகிறேன். அது அரபுச் சொல்லும் அன்று; தமிழ்ச் சொல்லும் அன்று. 'ஆஸம்' என்னும் ஆங்கிலச் சொல். நம் வீடுகளில் மழலை மாறாத குழந்தை முதல் கல்லூரி மாணவர் வரை ஒவ்வொரு நாளும் பலமுறை உச்சரிக்கும் சொல் அது. பிரியாணி ஆஸம், புதுச் செருப்பு ஆஸம், நண்பன் அனுப்பிய படம் ஆஸம். பகலில் ஆங்கிலவழிப் பள்ளிக்குச் சென்று மாலையில் மதரசாவுக்கு வரும் பிள்ளைகளின் வீட்டுப்பாட ஏட்டைப் புரட்டினால், நட்சத்திரப் படத்தின் கீழே அதே சொல் அச்சிட்ட ஸ்டிக்கர் பளபளக்கிறது. "என் முகவரியை மாற்ற வேண்டும்" என்று தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் பேசும் ஊழியர்கூட "ஆஸம்!" என்கிறார். முகவரி மாறியதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவரும் யோசிப்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

சில மாதங்களுக்கு முன், பத்து வயது மாணவி ஒருத்தி ஒரு கேள்வியுடன் வந்தாள். பள்ளியில் ஓவியப் போட்டி. மலையும் கடலும் விண்மீன்களும் வரைந்திருந்தாள். அவற்றின் மேலே, 'அல்லாஹ் ஆஸமானவன்' என்று பொருள்படும் ஆங்கில வரியை எழுதலாமா என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அருகிலிருந்த சிறுவன், "எழுதலாமே! இமாமே ஆஸம் என்று எங்கள் நன்னி சொல்வார்களே, அதே ஆஸம்தானே, ஹஜ்ரத்?" என்றான். வகுப்பே சிரித்தது.

அவன் குறிப்பிட்டது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சிறப்புப் பெயரை. அரபியில் 'அல்இமாமுல் அஃழம்'. உருது பேசும் நாவில் அது 'இமாமே ஆஸம்' ஆகிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உறவுள்ள வீடுகளில் அவ்வாறே வழங்கும். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டு ஆஸமுக்கும் வேறுபாடே தெரியாது. பொருளிலோ ஒன்றுக்கொன்று உறவில்லாத சொற்கள். 'அஃழம்' என்றால் மிகப் பெரியது, மகத்தானது என்று பொருள். நாம் ஒவ்வொரு ருகூவிலும் சொல்லித் துதிக்கும் 'அல்அழீம்' என்னும் திருநாமமும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

சிரிப்பு அடங்கிற்று, கேள்வி அடங்கவில்லை. "படித்துப் பார்த்து நாளை சொல்கிறேன்" என்று அவளிடம் கூறினேன். அன்றிரவு அகராதிகளுடன் அமர்ந்தேன்.

சொல் பிறந்த இடம்

இச்சொல்லின் வேர் 'ஆ' என்று ஒலிக்கும் ஒரு சிறு ஆங்கிலச் சொல். வட ஐரோப்பியக் கடலோடிகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதன் பொருள் அச்சம், திகில் என்பதே. பின்னர் இறைவனைக் குறித்த பேச்சிலும் எழுத்திலும் அது தொடர்ந்து வழங்கியதால், வெறும் நடுக்கம் என்னும் நிலையிலிருந்து உயர்ந்து, மாபெரும் ஒன்றின் முன்னால் மனிதன் அடையும் பணிவு கலந்த அச்சத்தைக் குறிக்கலாயிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதிலிருந்து 'ஆஸம்' என்னும் பெயரடை தோன்றியது. முதலில் அத்தகைய பயபக்தி நிறைந்த மனிதனையும், பின்னர் அந்தப் பயபக்தியை எழுப்பும் பொருளையும் அது குறித்தது. இடி, புயல், பெருமலை, மரணம், இறைவனின் வல்லமை: இவையே அச்சொல்லுக்கு உரிய இடங்களாக இருந்தன.

கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் அது இளகத் தொடங்கியது. 1980களில் இளைஞர் வாயில் 'மிக நன்று' என்னும் அளவுக்கு இறங்கிற்று. இன்று 'சரி' என்று சொல்ல வேண்டிய இடத்திலும் அதுவே நிற்கிறது.

அதே வேரில் பிறந்த உடன்பிறப்பு ஒன்றும் உண்டு: 'ஆஃபுல்'. பொருள் அடிப்படையில் பயபக்தி நிறைந்தது என்பதே. ஆனால் அது மறுதிசையில் சென்று 'மிக மோசம்' என்றாகிவிட்டது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று புகழாயிற்று, மற்றொன்று இகழாயிற்று. 'டெரிஃபிக்' என்று ஆங்கிலத்தில் பாராட்டுகிறார்களே, அதன் இலத்தீன் மூலத்துக்கும் அச்சுறுத்துவது என்றே பொருள். எல்லாரும் சொல்லும் 'நைஸ்' என்னும் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கோ 'அறியாதவன்' என்று பொருள்!

ஆங்கிலேயரைப் பார்த்து நாம் சிரிக்க இயலாது. நம் மொழியிலும் இதே கதைதான். சங்க காலத்தில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. 'பிரமாதம்' என்று புகழ்கிறோம்; அதன் வடமொழி மூலத்துக்குக் கவனக்குறைவு, பிழை என்று பொருள். 'அட்டகாசம்' என்பது உரத்த சிரிப்பு. 'அபாரம்' என்பது கரையற்றது. 'பயங்கரமாகப் பாடுகிறான்' என்று பாராட்டும் தமிழனும், 'ஆஸம்' என்று கூவும் அமெரிக்கனும் வந்து சேர்ந்திருப்பது ஒரே இடத்துக்கு. பேச்சு மிகுதியைத் தேடுகிறது. அச்சத்தைக் காட்டிலும் மிகுதியான உணர்வு எது? ஆகவே பாராட்டுக்கு அச்சத்தைக் கடன் வாங்குகிறது. கடன் வாங்கியதைச் செலவழித்துத் தீர்த்துவிட்டு வேறொன்றைத் தேடுகிறது.

அச்சமும் வியப்பும் கூடும் இடம்

அப்படியானால் அந்தப் பழைய பொருளுக்கு நம்மிடம் என்ன சொல் இருக்கிறது? தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுக்கிறது. அவற்றுள் வியப்பாகிய மருட்கை ஒன்று, அச்சம் மற்றொன்று. மருட்கை பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கையும், அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கையும் அது கூறுகிறது. பெருமையைக் கண்டு எழும் மருட்கையும் இறையின் முன் எழும் அச்சமும் ஒரே நெஞ்சில் ஒரே கணத்தில் கூடுமானால், அதுவே அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள்.

அரபியில் இதற்கு நெருங்கிய சொற்கள் சில உண்டு. ஆற்றலின் முன் வாயடைத்து நிற்கும் நிலை 'ஹைபத்'. அதனினும் நுட்பமானது 'கஷ்யத்'. குர்ஆனின் சொற்களுக்கு அகராதி எழுதிய இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி (ரஹ்), கஷ்யத் என்பது மதிப்புணர்வு கலந்த அச்சம் என்றும், அஞ்சப்படுவதைப் பற்றிய அறிவிலிருந்தே பெரும்பாலும் அது பிறக்கிறது என்றும் விளக்குகிறார்கள். அல்லாஹ்வை உண்மையாக அஞ்சுவோர் அவனுடைய அடியார்களில் அறிவுடையோரே என்று ஃபாத்திர் அத்தியாயத்தின் 28ஆம் வசனம் கூறும் இடத்தில் வருவதும் இச்சொல்லே. அறியாமையில் பிறக்கும் அச்சம் மனிதனை ஓட வைக்கும். அறிவில் பிறக்கும் அச்சம் அவனை அருகே நிற்க வைக்கும். தலையைத் தாழ்த்த வைக்கும்.

இதை நூலில் படித்து அறிவதற்கும் கண்ணால் காண்பதற்கும் வேறுபாடு உண்டு. 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தின் குறுக்கே கங்கண சூரிய கிரகணம் கடந்து சென்றது. கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் காலை ஒன்பதரை மணியளவில் சூரியன் ஒரு நெருப்பு வளையமாகத் தெரிந்தது. பாதுகாப்புக் கண்ணாடிகளுடன் மாணவர்களை முற்றத்தில் நிறுத்தியிருந்தோம். அதே நாளில்தான் 2004இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. அதை நினைவுகூர்ந்த பெரியவர் சிலர், இந்த நாளுக்கும் கிரகணத்துக்கும் ஏதோ தொடர்பு இருப்பதுபோல் முணுமுணுத்தார்கள். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் கிரகணம் ஏற்பட்டபோது மக்கள் இரண்டையும் முடிச்சிட்டதையும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனோ சந்திரனோ மறைக்கப்படுவதில்லை என்று நபியவர்கள் தெளிவுபடுத்தியதையும் மாணவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். துயரம் தோய்ந்த ஒரு தந்தை தம் வீட்டு இழப்பை வானத்தோடு இணைத்துப் பேச மறுத்த நாள் அது. அந்த அறிவைக் கொடுத்தவர்களே அன்று தொழுகைக்கு விரைந்தவர்களும் ஆவார்கள். அறிவு அச்சத்தைப் போக்கிவிடவில்லை. அதைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திற்று.

வெயில் மெல்ல வலுவிழந்தது. வேப்பமரத்தடியில் இலைகளின் இடைவெளி வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் யாவும் சிறுசிறு வளையங்களாக மாறின. ஐம்பது பிள்ளைகள் நின்ற முற்றத்தில் ஒரு குரலும் எழவில்லை. எதைக் கண்டாலும் 'ஆஸம்' என்று கூவும் ஒருவன் என் கையைப் பற்றிக்கொண்டு, "திரும்ப வந்துவிடுமா, ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டான். அச்சொல் முழுமையாகப் பொருந்தும் ஒரு காட்சி அவன் முன்னால் இருந்தது. அப்போது அது அவன் வாயில் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. பின்னர் தொழுகையில் நின்றபோது, நான் அதட்டாமலே வரிசை நேராக இருந்தது.

மாணவிக்குச் சொன்ன பதில்

மறுநாள் அந்த மாணவியிடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன். அல்லாஹ்வுக்குப் பெயர் சூட்டும் உரிமை நமக்கு இல்லை; அவனும் அவனுடைய தூதரும் அறிவித்த பெயர்களாலேயே அவனை அழைக்க வேண்டும். ஆனால் அவனைப் பற்றிப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது, பொருள் சரியாக இருந்தால் எந்த மொழியின் சொல்லையும் பயன்படுத்தலாம். பெயரிடுவது வேறு, செய்தி சொல்வது வேறு என்று நம் அறிஞர்கள் பிரித்துக் காட்டியுள்ளார்கள். இது முதலாவது. இரண்டாவது, சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை, கேட்பவரின் காதிலும் இருக்கிறது. காலையில் தோசைக்குச் சொன்ன சொல்லை மாலையில் படைத்தவனுக்குச் சொன்னால், கேட்பவர் மனத்தில் எது வந்து நிற்கும்?

அவள் சிறிது யோசித்தாள். பிறகு மலைக்கு மேலே 'அல்அழீம்' என்று அரபியில் எழுதினாள். ஆங்கிலச் சொல்லையும் விடவில்லை. ஓவியத்தின் கீழே அதன் பழைய பொருளைச் சிறிய எழுத்தில் விளக்கி எழுதினாள். இந்தக் குர்ஆன் ஒரு மலைமீது இறக்கப்பட்டிருந்தால் இறையச்சத்தால் அம்மலை பணிந்து பிளந்திருக்கும் என்னும் கருத்துள்ள வசனத்தை அவளுக்கு நினைவூட்டினேன். அவள் மலையின் நடுவே ஒரு பிளவு வரைந்தாள்.

பாராட்டுக்கு ஒரு செவி வேண்டும்

இறைவனைப் பற்றிய பேச்சு அவ்வளவு. மனிதரைப் பாராட்டுவதில் இச்சொல் என்ன செய்கிறது என்பதே என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது.

என் மாணவன் ஒருவனின் தந்தை வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். பையன் சூரா முல்க்கை மனனம் செய்து முடித்த மாலையில் அதை முழுவதுமாக ஓதிப் பதிவுசெய்து, தாயின் கைப்பேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் தந்தைக்கு அனுப்பினான். ஏழு நிமிட ஓதல். மறுநாள் அந்தக் கைப்பேசியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். தந்தையின் பதில் இருந்தது: 'ஆஸம்', அதன் பின்னால் மூன்று கைதட்டல்கள். "நல்ல பதில்தானே?" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் இரண்டு இடங்களை விரலால் தொட்டுக் காட்டினான். அவன் அனுப்பிய நேரம் 8.14. பதில் வந்த நேரமும் 8.14.

பதினொரு வயதுப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறான். ஏழு நிமிட ஓதலை ஒரு நிமிடத்துக்குள் யாரும் கேட்டிருக்க இயலாது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் பாடம் ஒப்புவித்தான், ஆனால் ஓதவில்லை. கற்பிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

தந்தையிடம் தொலைபேசியில் பேசினேன். குறை கூறவில்லை, அந்த இரண்டு நேரங்களை மட்டும் சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை, ஹஜ்ரத். அறைக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகன் அனுப்பியதைப் பார்த்தேன். உடனே பதில் போடாவிட்டால் அத்தா கவனிக்கவில்லை என்று வாடிவிடுவானே என்றுதான் போட்டேன்" என்றார்.

அந்த அவசரத்திலும் இருந்தது அன்புதான். ஆனால் அன்பு எடுத்துக்கொண்ட சொல்லில் மகன் இல்லை. எந்தப் பிள்ளைக்கும், எந்தச் செயலுக்கும் பொருந்தும் சொல் அது. கேட்காமலே சொல்லலாம், பார்க்காமலே அனுப்பலாம். "தாமதமாகவே பதில் போடுங்கள், கேட்டுவிட்டுப் போடுங்கள்" என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவருடைய விடுமுறை நாளில், குரல் பதிவு ஒன்று வந்தது. மூன்றாம், நான்காம் வசனங்களில் மகன் நிறுத்தி நிறுத்தி ஓதியது பிடித்திருந்ததாகவும், அந்த இடத்தை இரண்டாம் முறையும் கேட்டதாகவும், இறுதிப் பகுதியில் மூச்சு வாங்குவதால் அவசரப்படாமல் ஓதும்படியும் சொல்லியிருந்தார். வானத்தைப் பார், ஏதேனும் பிளவு தெரிகிறதா, மீண்டும் மீண்டும் பார் என்று மனிதனை அழைக்கும் வசனங்கள் அவை. புகழ்ச் சொல் ஒன்றுகூட அந்தப் பதிவில் இல்லை. பையன் அதை எனக்கு மூன்று முறை போட்டுக் காட்டினான்.

நபிவழியில் பாராட்டு

நபி (ஸல்) அவர்கள் பாராட்டத் தயங்கியவர்கள் அல்லர். ஆனால் அவர்களுடைய பாராட்டில் எப்போதும் ஒரு முகவரி இருந்தது. இல்லத்தில் தொட்டுக்கொள்ள என்ன உண்டு என்று கேட்டபோது, வினிகரைத் தவிர வேறொன்றும் இல்லை என்று வீட்டார் கூறினர். அதைக் கொண்டுவரச் செய்து, உண்டபடியே, வினிகர் எத்துணை நல்ல தொடுகறி என்று பாராட்டினார்கள். முஸ்லிம் நூலில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. இல்லாமையால் கூசிய வீட்டாரின் மனத்தை அது எவ்வளவு ஆற்றியிருக்கும்! வினிகரை விண்ணளவு உயர்த்தவில்லை. நல்ல தொடுகறி என்றார்கள், அவ்வளவே.

இளைஞரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) கண்ட கனவைக் கேள்வியுற்றபோது, அவர் நல்ல மனிதர், இரவிலும் தொழுதால் என்று கூறினார்கள். அதன்பின் அவர் இரவில் சிறிதளவே உறங்கினார் என்று புகாரி நூல் கூறுகிறது. ஒரு பாராட்டு ஒரு வாழ்நாளின் இரவுகளை மாற்றியது. அது முழுமை பெற்ற புகழாக இல்லாமல், ஒரு கதவைத் திறந்து வைத்த புகழாக இருந்ததே காரணம். மற்றொரு முறை, ஒருவர் இன்னொருவரை அளவிறந்து புகழ்ந்தபோது, உம் தோழரின் கழுத்தையே வெட்டிவிட்டீர் என்று எச்சரித்தார்கள். புகழ்ந்தே ஆக வேண்டுமெனில், 'நான் அவரை இவ்வாறு கருதுகிறேன், அவரை முற்றும் அறிந்தவன் அல்லாஹ்' என்னும் வரம்போடு சொல்லக் கற்பித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, ஆங்கிலச் சொல்லை விரட்டி அங்கே 'மாஷா அல்லாஹ்' என்று வைத்தால் போதும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 'அல்லாஹ் நாடியது' என்னும் அச்சொல், பொருளிலிருந்து கொடுத்தவன் பக்கம் பார்வையைத் திருப்புகிறது. கஹ்ஃப் அத்தியாயத்தில், தோட்டத்தின் செழிப்பில் மயங்கியவனுக்கு அவனுடைய தோழர் நினைவூட்டும் சொல் அது. அதையும் நாம் கைப்பேசியில் மினுமினுக்கும் பொம்மைப் படமாக்கி, விரல் நுனியால் எறிந்துகொண்டிருக்கிறோம். சொல் எந்த மொழியினது என்பதன்று பிரச்சினை. கவனம் இன்றிச் சொல்லப்பட்டால் அரபுச் சொல்லும் தேய்ந்துதான் போகும். அது தேய்ந்தால் நமக்கு இழப்பு மிகப் பெரிது.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. பிள்ளை ஒன்றைக் காட்டினால் முதலில் பாருங்கள், கேட்டு முடியுங்கள். பிறகு எந்த இடம் நன்றாக இருந்தது என்பதைச் சொல்லுங்கள். 'இந்த எழுத்தைச் சரியாக உச்சரித்தாய்', 'தங்கைக்குப் பெரிய துண்டைக் கொடுத்ததைப் பார்த்தேன்', 'குழம்பில் புளி அளவாக இருக்கிறது' போன்ற சிறு சொற்கள் போதும். இறுதியில் 'ஜஸாக்கல்லாஹு கைரன்' என்று துஆச் செய்யுங்கள். அவ்வாறு கேட்டு வளரும் பிள்ளைக்கு 'ஆஸம்' என்பதும் தீங்கு செய்யாது. விளையாட்டுச் சொல்லாக அது நாவில் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அச்சொல்லுக்குரிய பழைய உணர்வு நம் வீடுகளிலிருந்து போய்விடக் கூடாது. வாரத்தில் ஓர் இரவாவது பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியைக் கீழேயே வைத்துவிட்டு வானத்தைக் காட்டுங்கள். எதையும் விளக்க வேண்டாம். அவர்களே கேட்கும்வரை காத்திருங்கள்.

வல்ல அல்லாஹ், அவனுடைய மகத்துவத்தின் முன் பணியும் நெஞ்சையும், பிறரின் நன்மையைப் பார்க்கும் கண்ணையும், அதை அளவோடும் உண்மையோடும் எடுத்துரைக்கும் நாவையும் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.